தளம் இன்னும் காயவில்லை, செல்வம்

அன்புள்ள செல்வம்,

பாப்பா பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்டிருந்தாய். அதை அவளிடமே கேள், உன் சிமென்ட் கடைக்காரரிடம் கேட்காதே.

இங்கே ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் வீட்டில் டைல்ஸ் போட்டாச்சா என்றும் கேட்டாய். இல்லைடா. சேலம் முழுக்க வீடு கட்டிக் கொடுத்தவன் நீ, உனக்குச் சிரிப்பு வரும். நம் ஊரில் தளம் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். இங்கே அடியிலிருந்து சூடு ஏற்றிக் காய வைக்கிறார்கள். தரைக்குள் வளைத்து வளைத்துப் பிளாஸ்டிக் குழாய், அதில் வெந்நீர்; குளிர்காலத்தில் அதுதான் ஹீட்டர். குழாய்மேல் ஊற்றியிருப்பது ஜிப்சம் வகைக் கலவை. ரவா தோசை மாவு மாதிரி தானாகப் பரவிச் சமமாகிவிட்டது.

ஊற்றிய பிறகு 7 நாள் சூடு ஏற்றக் கூடாது. சிமென்ட் கலவை என்றால் 21 நாள். அப்புறம் குழாயில் 25 டிகிரித் தண்ணீர் 3 நாள், அதன்பின் வீட்டுக்குக் கணக்கிட்ட உச்ச சூட்டில் 4 நாள். இதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் கையில் இல்லாமல் டைல்ஸ்காரர் வேலை தொடங்க மாட்டார். ஆனால் அது தளமும் ஹீட்டரும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைதான். அது முடிந்தால் தளம் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

காய்ந்ததா என்று பார்க்கும் விதம்தான் வேடிக்கை. குழாய் ஓடாத இடத்தை முன்பே குறித்து வைத்திருந்தார்கள். அங்கே தளத்தை ஆழமாக உடைத்து, துண்டுகளைப் பொடியாக்கி, எடை போட்டு ஓர் இரும்புப் புட்டியில் கொட்டினார் டைல்ஸ்காரர். கூடவே சில இரும்புக் குண்டுகள், கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் கார்பைட். ஆமாம், மாம்பழ மண்டியில் திருட்டுத்தனமாக வைப்பார்களே, அதே கல்! மூடியை இறுக்கிக் குலுக்கினால் குப்பி உடையும். கார்பைட் ஈரத்தோடு சேர்ந்து வாயு கிளம்பும். மூடிமேல் இருக்கும் மீட்டரில் அழுத்தம் ஏற ஏற ஈரம் எவ்வளவு என்று தெரியும். எங்களுக்கு வேண்டியது 0.5 சதவீதம் அல்லது அதற்குக் கீழே. முள் அதைத் தாண்டி நின்றது. மேலே பார்த்தால் தளம் வெள்ளை வெளேரென்று காய்ந்த மாதிரிதான் இருந்தது! சரி, மறுபடி ஹீட்டர், ஜன்னலைத் திறந்து காற்றோட்டம், மறுபடி சோதனை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், தளத்து ஜிப்சமும் டைல்ஸ் ஒட்டும் சிமென்ட் பசையும் ஈரத்தில் சேர்ந்தால் இடையில் படிகம் வளர்ந்து டைல்ஸைக் கிளப்பிவிடும். அதனால் தளத்தின்மேல் பால் ஏடு மாதிரி படிந்த மெல்லிய படலத்தை மெஷினால் தேய்த்து எடுத்து, தூசியை உறிஞ்சி, பிரைமர் என்ற அடிப்பூச்சு பூசி, அது காய்ந்த பிறகுதான் பசை. நீ சிமென்ட் பால் ஊற்றி ஒட்டுவாய். கீழே கலவை கனமாக இருப்பதால் அங்கே கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சமாளிக்கலாம். இங்கே பசை சில மில்லிமீட்டர்தான். கீழே தளம் சூட்டில் விரிந்து, ஆறினால் சுருங்கும். அதனால் வளைந்து கொடுக்கும் பசைதான் வேண்டும். சுவரோரம் நிற்கும் நுரைப் பட்டையைக் கூட டைல்ஸும் அதன் இடுக்கை நிரப்பும் கிரவுட்டும் முடியும் வரை வெட்டக் கூடாது என்கிறார். வாசற்படியில் தளத்தில் விட்ட இடைவெளி டைல்ஸிலும் அதே இடத்தில் வர வேண்டுமாம். ஒட்டி முடித்ததும் உடனே ஹீட்டர் போடக் கூடாது. பசை இறுகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும்.

உமாவுக்கு நாலடி நீள டைல்ஸ்மேல் ஆசை. தரை அவ்வளவு மட்டமாக இருக்கிறதா என்று இரண்டு மீட்டர் மட்டப் பலகை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார் டைல்ஸ்காரர். நீ என்ன சொல்வாய்? இரண்டடி டைல்ஸே போதும் என்றால் அவளுக்கே ஒரு வரி எழுது. நான் சொன்னால் எடுபடாது.

அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி?

அன்புடன்,
ரவி