ஒலி வராத கேமராவைக் கழற்றுவதற்கு முன்: பொருத்துபவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கண்காணிப்பு (சிசிடிவி) கேமரா வேலை செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். "படம் வருது, சவுண்டுதான் வரல" என்று யாராவது அழைத்தவுடன் ஏணியைப் போட்டுக் கேமராவைக் கழற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். மைக்கில் தொடங்கி கேட்பவர் காதுக்குப் போகும் வழியில் ஒலி தொலைய எத்தனையோ இடம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஏணியே தேவைப்படாத இடங்கள்.

முதலில், அந்தக் கேமராவில் மைக் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு கேமராக்களில் ஒன்றில் மைக் இருக்கும், மற்றதில் இருக்காது. மாடல் எண்ணின் வால் பகுதியைப் பாருங்கள். ஹிக்விஷன் நிறுவனத்தின் ஐபி கேமராக்களில் (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புபவை) அங்கே 'யூ' எழுத்தும், தாகுவாவில் 'ஏ' எழுத்தும் உள்ளேயே மைக் இருப்பதற்கான அடையாளம். விவரத்தாளில் 'ஆடியோ இன்' என்று மட்டும் போட்டிருந்தால், வெளியிலிருந்து மைக் இணைக்க வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம். இல்லாத மைக்கை எந்த மெனுவிலும் தேடி எடுக்க முடியாது.

மைக் இருந்தால் அடுத்தது அமைப்புகள். கேமராவின் ஸ்ட்ரீம் வகை வெறும் 'வீடியோ' என்று இருந்தால் 'வீடியோ அண்ட் ஆடியோ' என்று மாற்ற வேண்டும். இதை முழுத் தரத்தில் வரும் மெயின் ஸ்ட்ரீமுக்குச் செய்துவிட்டுப் பலர் எழுந்துவிடுகிறார்கள். பல கட்டங்களாகப் பார்க்கும்போதும், பெரும்பாலும் மொபைலில் திறக்கும்போதும் ஓடுவது குறைந்த தரத்தில் வரும் சப் ஸ்ட்ரீம். அதற்கும் தனியாக மாற்ற வேண்டும். லைவில் ஒலி வந்து ப்ளேபேக்கில் ஊமையாக இருந்தால், ரெக்கார்டரின் பதிவு அட்டவணைக்குள் இருக்கும் ஆடியோ பதிவு டிக்கைப் போடுங்கள். டிக் போடுவதற்கு முந்தைய பதிவுகளில் ஒலியே எழுதப்படவில்லை; அதை எவராலும் மீட்க முடியாது என்பதை வாடிக்கையாளரிடம் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கேமரா ஒரு நிறுவனம், என்விஆர் (ஐபி கேமராக்களுக்கான ரெக்கார்டர்) இன்னொரு நிறுவனம் என்றால் கோடெக்கை, அதாவது ஒலியை டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் முறையை, கவனியுங்கள். கேமரா ஏஏசி-யில் அனுப்ப, ரெக்கார்டர் அதைப் புரிந்துகொள்ளாமல் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஜி.711, 8 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றினால் ஏறக்குறைய எல்லா ரெக்கார்டரும் ஏற்கும். மாற்றியும் வரவில்லையென்றால் கேமராவை ரெக்கார்டரிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்துப் பாருங்கள். சில ரெக்கார்டர்கள் சேர்க்கும்போது கண்டதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

கோஆக்ஸ் கேபிளில் ஓடும் எச்டி கேமராக்களில் ஒலியும் அதே கேபிளில் வரும், டிவிஆர் (இந்தக் கேமராக்களுக்கான ரெக்கார்டர்) அதற்கு இடம் கொடுத்தால். அந்தச் சேனலுக்கு ஆடியோ எங்கிருந்து வருகிறது என்ற அமைப்பு 'கோஆக்ஸ்' என்று இருக்க வேண்டும். அது 'லோக்கல்' என்று இருந்தால், பின்பக்கத்து ஆர்சிஏ துளையில் ஒன்றுமே செருகாமல் டிவிஆர் அங்கேயே காது கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தத் துளைகளிலும் ஒரு குழப்பம்: ஆடியோ இன், ஆடியோ அவுட் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். மைக்கை அவுட்டில் செருகிவிட்டு மைக் பழுது என்று எழுதிவைப்பது நம் தொழிலில் புதிதில்லை. கேட்கும் பக்கமும் அப்படித்தான். மானிட்டர் விஜிஏ கேபிளில் இருந்தால் ஒலி வரவே வராது, அந்தக் கேபிளில் ஒலிக்குக் கம்பியே கிடையாது. எச்டிஎம்ஐ என்றாலும் மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்க வேண்டும்.

வெளி மைக் போட்டபின் வரும் இரைச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 3+1 கேபிளில் (மூன்று கம்பியும் வீடியோவுக்கு ஒரு கோஆக்ஸும் சேர்ந்தது) இரண்டு கம்பி மின்சாரத்துக்கும் மூன்றாவது ஒலிக்கும் போகிறது. ஒலிக்கான கிரவுண்ட் (மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பி), கேமராவின் மின்சாரக் கிரவுண்டேதான். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர், தூரம் 30 மீட்டர் என்றால், நல்ல செம்பாக இருந்தாலும் அந்த ஒரு கம்பியின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 2.6 ஓம். இருட்டியதும் ஐஆர் எல்இடி (இரவில் பார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) எரிந்து கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தால் கிரவுண்ட் கம்பியிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் விழுகிறது. அந்த வோல்ட் ஆடாமல் நின்றால் பரவாயில்லை. எல்இடி ஓட்டத்தோடும் அடாப்டரின் சிற்றலையோடும் சேர்ந்து அது ஆடுகிறது, ஒலியும் கூடவே ஆடுகிறது. பகலில் சுத்தமாகக் கேட்ட மைக் இரவில் மட்டும் இரைகிறதென்றால் குற்றவாளி இதுதான். மைக்கை மாற்றிப் பயனில்லை. ஒலிக்கு ஷீல்டு உள்ள தனிக் கேபிள் இழுங்கள், ஷீல்டை ரெக்கார்டர் பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள், மைக்குக்குச் சின்னதாக ஒரு தனி 12 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். இரவு பகல் பாராமல் ஒரே சுதியில் 'ம்ம்ம்' என்று முனகினால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு இடத்தில் கிரவுண்ட் ஆகி இடையில் மின்னோட்டம் சுற்றுவது. ஒலிக் கம்பியின் நடுவே, இரு பக்கக் கிரவுண்டையும் பிரிக்கும் ஒரு ஐசொலேட்டர் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உள் மைக்கில் ஒலி மிக மெல்லியதாக இருந்தால் லென்ஸின் பக்கத்திலோ கேமராவின் அடியிலோ இருக்கும் குண்டூசி அளவுத் துளையைப் பாருங்கள். பெயிண்ட், சிலிக்கான், கழற்ற மறந்த பாதுகாப்புப் படலம் என ஏதாவது அடைத்திருக்கும். ஊசியால் குத்த வேண்டாம். உள்ளே இருக்கும் நீர்புகாச் சவ்வு கிழிந்தால் அடுத்த மழைக்கு மைக் போய்விடும்.

பென் டிரைவில் எடுத்துக் கொடுத்த கிளிப்பில் ஒலி இல்லை என்ற புகாரும் உண்டு. ஜி.711 ஒலியோடு இருக்கும் எம்பி4 கோப்பைப் பல மொபைல் பிளேயர்கள் ஊமையாகத்தான் ஓட்டும். விஎல்சி-யில் போட்டுப் பாருங்கள், கேட்கும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு நகலில் படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏஏசி-க்கு மாற்றிக் கொடுங்கள். அசல் கோப்பை அழிக்க விடாதீர்கள்.

இடம் மிச்சமாகும் என்று ஒலியை அணைத்து வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஜி.711 ஒலி நொடிக்கு 64 கிலோபிட், நாளைக்கு 691 எம்பி. 2 மெகாபிட் வீடியோ அதே நாளில் 21.6 ஜிபி தின்கிறது. ஒலியை அணைத்தால் மிச்சமாவது மூன்று சதவீதம்.

அணைத்து வைக்க உண்மையான காரணம் வேறு: பேச்சைப் பதிவதற்குப் பல நாடுகளில் படத்தைவிடக் கடுமையான விதிகள் இருக்கின்றன. ஆகவே போடுவதா வேண்டாமா என்பதை இடத்தின் உரிமையாளர் தெரிந்தே முடிவு செய்யட்டும். போடச் சொன்னால், ஒலியும் பதிவாகிறது என்று அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

வேலையை ஒப்படைக்கும் முன் ஒரு சோதனையை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேமராவின் கீழும் நின்று, அதன் எண்ணையும் நேரத்தையும் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ப்ளேபேக்கில் கேளுங்கள், பிறகு வாடிக்கையாளரின் மொபைலில், பிறகு பென் டிரைவில் எடுத்து. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவிலும் ஒரு தடவை. கடைசியாக ஒரு ஸ்டிக்கரில் கோடெக், ஸ்ட்ரீம் வகை, மைக் உள்ள சேனல் எண்கள், சோதித்த தேதி ஆகியவற்றை எழுதி ரெக்கார்டரின் மேல் ஒட்டுங்கள். ரீசெட் செய்தாலோ சில ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகோ ஆடியோ மறுபடி அணைந்துவிடும். அன்றைக்கு வந்து நிற்பவர் உங்களில் வேறொருவராகவும் இருக்கலாம்.

இப்படிக்கு,
இதே வேலையில் இருக்கும் சிலர்