செயலாளர் ஆண்டறிக்கை 2025, பினாங்கு

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயலவைக் கூட்டங்கள் சங்க விதிப்படி நடந்தன. பொங்கல் ஒன்றுகூடல், தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான சோல்டரிங் பயிலரங்கு, தீபாவளி உபசரிப்பு மூன்றும் குறையின்றி முடிந்தன. சங்கப் பதிவிலாகாவுக்கான படிவங்கள் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் அனுப்பப்பட்டன.

இவ்வாண்டின் பெரிய வேலை, அதிர்வெண் அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கப் பட்டறையில் நிறுவிய 10 மெகாஹெர்ட்ஸ் ஸ்டாண்டர்ட். அந்தப் பழைய பெட்டிக்கு இவ்வளவு செலவா என்று செயலவையிலேயே கேள்வி எழுந்ததால் விவரமாகவே பதிவு செய்கிறேன்.

வீட்டில் அதிர்வெண் அளக்கும் கவுண்டர்கள் பலவற்றின் உள்ளே அதிர்வெண்ணைத் தரும் படிகத்தை 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குத்தான் நம்பலாம். அது 10 மெகாஹெர்ட்ஸில் 10 ஹெர்ட்ஸ், 144 மெகாஹெர்ட்ஸில் 144 ஹெர்ட்ஸ் பிழை. வாங்கியது டிரிம்பிள் தண்டர்போல்ட். சிடிஎம்ஏ என்ற பழைய முறையில் இயங்கிய கைப்பேசி நிலையங்கள் ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் இயங்க இவ்வகைப் பெட்டிகள் தேவைப்பட்டன. அந்த நிலையங்கள் மூடப்பட்டதும் உபரிச் சந்தைக்கு வந்தன. உள்ளே ஓவன் படிகம், அதாவது ஒரே வெப்பத்தில் சூடாக வைக்கப்படும் படிகம், இருக்கிறது. ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிட்டு, படிகத்தின் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைப் பெட்டியே திருத்திக்கொள்ளும். வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது அந்த மின்னழுத்தத்தைத்தான். வாரக்கணக்கில் ஒரே பக்கமாக நகர்ந்து எல்லையை நெருங்கினால் படிகம் முதுமை அடைந்துவிட்டது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மின்சாரம் +5, +12, −12 வோல்ட். குளிர்ந்த நிலையில் சுமார் 15 வாட் இழுக்கும், சூடேறியபின் 10. ஸ்விட்சிங் சப்ளையின் இரைச்சல் வெளியீட்டில் ஏறும் என்பதால் டிரான்ஸ்பார்மரும் 7812, 7912, 7805 ஆகிய ரெகுலேட்டர்களும் (மின்னழுத்தத்தைச் சீராக்குபவை) கொண்டு கட்டினோம். 7812-க்குப் பெரிய ஹீட்சிங்க் அவசியம். ஏர்கான் காற்று நேரே படும் இடத்தில் பெட்டியை வைக்கக்கூடாது. வெப்பம் மாறினால் படிகம் நகரும்.

ஜிபிஎஸ் ஆண்டெனாவுக்கு, ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சித் தட்டுக்கு இழுக்கும் அதே ஆர்ஜி-6 கேபிள் போதும்; பெட்டியின் ஆண்டெனா இணைப்பும் எஃப் வகைதான். கேபிள் நீளத்தால் வரும் தாமதம் நேரத்தைப் பாதிக்கும், அதிர்வெண்ணைப் பாதிக்காது. கடற்காற்றில் இணைப்புகள் துருப்பிடிக்கும்; ரப்பர் டேப் சுற்றி, கேபிள் உள்ளே நுழையுமுன் மழைநீர் சொட்ட ஒரு வளைவு விடவேண்டும். மழை மேகம் திரளும்போதே ஆண்டெனாவைக் கழற்றுங்கள், இடி தலைக்கு மேல் வந்தபின் தொடவேண்டாம். மின்சாரத்தை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் நிறுத்தாதீர்கள். ஆண்டெனா இல்லாமலும் பெட்டி கடைசித் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஓவன் குளிர்ந்தால் மீண்டும் நிலைக்கு வர நாள்கள் ஆகும்.

கணினித் திரையில் தேதி 1024 வாரம் பின்தங்கி, ஏறக்குறைய இருபதாண்டுக்கு முந்தைய தேதி தெரிவதைக் கண்டு பழுது என்று சிலர் புகார் செய்தார்கள். பழுது இல்லை. இம்மாதிரிப் பெட்டிகளின் வாரக் கணக்கு 30 ஜூலை 2017-இல் பின்னோக்கித் திரும்பியது. 10 மெகாஹெர்ட்ஸ் வெளியீடு அதனால் மாறவில்லை. பெட்டியைக் கணினியில் கண்காணிக்கும் லேடி ஹெதர் மென்பொருளில் தேதியைத் திருத்திக் காட்டலாம். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் அந்திக்குப் பின் சில செயற்கைக்கோள்கள் விட்டுவிட்டு மறைவதும் பழுதன்று. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்கு அயனமண்டலக் (மின்னேற்றமுள்ள மேல் வளிமண்டலக்) கலக்கம் அதிகம். அந்நேரத்தில் மட்டும் அளவு எடுக்கவேண்டாம்.

உங்கள் ஆசிலேட்டரைச் சோதிக்க, ஆசிலோஸ்கோப்பை (அலையைத் திரையில் காட்டும் கருவியை) நம் ஸ்டாண்டர்டில் டிரிகர் செய்து மறு சேனலில் அதன் அலையைப் பாருங்கள். ஒரு முழு அலை நகர 100 விநாடி ஆனால் பிழை 0.01 ஹெர்ட்ஸ். ஒரே வெளியீட்டில் ‘T’ வடிவ இணைப்பு போட்டு மூன்று கருவிகளை மாட்டாதீர்கள். அலை குலைந்து எல்லாமே கெடும்.

ஆண்டெனா ஏற்றும் நாளுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவில்லை, வராததற்கு ஒரு குறுஞ்செய்தியும் இல்லை. ஏணி பிடிக்க ஆள் இல்லாமல் வேலை மறுவாரத்துக்குத் தள்ளிப்போனது. ஆனால் பெட்டி ஓடத் தொடங்கியதும் கவுண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் சந்தா பாக்கி வைத்திருப்போரும் இருந்தனர். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. இரவு பகலாக ஓடும் பெட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 88 யூனிட் மின்சாரம் ஆகிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு உண்டு, சென்ற ஆண்டைவிடக் குறைவு. தலைவருக்கும் செயலவையினருக்கும் இடம் தந்து உதவியவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டு தேவை. வெளியீட்டைப் பல கருவிகளுக்குப் பிரிக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. இரண்டாவது பெட்டி ஒன்று. ஒரே ஸ்டாண்டர்டை வைத்துக்கொண்டு அது தவறும்போது நாம் அறிய வழியில்லை. இவ்விரண்டும் கையிருப்பில் அடங்கா, வரவேண்டிய பாக்கி வந்தால் அடங்கும். ரசீதுப் புத்தகம் இன்று வாசல் மேசையில் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்