வேனுக்குச் சார்ப்பு கட்டித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

போன ஆடிக் காற்றில் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் ஒரு வேனின் பக்கவாட்டில் நிழலுக்குக் கட்டியிருந்த துணிச் சார்ப்பு பிய்த்துக்கொண்டு பறந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது எங்கள் வேன்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடியவன் நான்.

வேன் பழைய ட்ராவலர். உள்ளே சமைக்க, படுக்க வசதி செய்திருக்கிறோம். நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றே உயரக் கூரை வண்டியாகத் தேடி வாங்கினோம். அந்த உயரமே வினையாயிற்று. முதலில் வேலை செய்தவர், பெயர் வேண்டாம், எட்டடிக்கு மேலே கூரை விளிம்பில் வெறும் தகட்டில் ரிவெட் அடித்துவிட்டார். அவ்வளவு உயரத்தில் கட்டினால் பந்தலா அது, பாய்மரம்! ஒரே வீச்சில் ரிவெட்டோடு தகடும் கிழிந்தது.

பழையபேட்டையில் லாரித் தார்ப்பாய் தைக்கும் பாய்க்குத்தான் முதல் நன்றி. பாய், நான் துணி தைக்கத்தான் வந்தேன். நீங்கள் துணியைத் தொடவே இல்லை. விரலை மடக்கித் தகட்டைத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தீர்கள். டங்கென்று அதிர்ந்த இடமெல்லாம் வேண்டாம் என்றீர்கள். கதவுக்குச் சற்று மேலே, ஜன்னல் வரிசையின் தலைமாட்டில் சத்தம் கட்டையாக வந்தது. "இங்கதான் சார் சட்டம் ஓடுது. இதுல பிடிச்சிட்டு வாங்க, அப்புறம் தைக்கிறேன்." கையில் வந்த வேலையை இப்படித் திருப்பி அனுப்பியவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

முன் மூலை ஒன்றைத் தாழ்த்திக் கட்டச் சொன்னதும் நீங்கள்தான்; இல்லாவிட்டால் மழையில் தொட்டில் மாதிரி தொங்கும் என்றீர்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 10 அடிக்கு 8 அடி துணியில் 1 செ.மீ. மழை பெய்து அப்படியே தேங்கினால் 74 லிட்டர், அதாவது 74 கிலோ. தொட்டில்தான்!

ராயக்கோட்டை சாலை பட்டறைத் தம்பி, டிரில்லை எடுக்கும் முன் நீ கேட்டது, "உள்ள வயர் எங்கண்ணா போவுது?" உள்பலகையைக் கழற்றிப் பார்த்தால், துளை போட இருந்த இடத்துக்கு நாலு விரல் தள்ளி லைட் வயர்! உள்ளே இரும்புப் பட்டை, வெளியே துணி ஓரம் நுழையக் காடி விட்ட அலுமினிய சேனல், இரண்டுக்கும் நடுவே வண்டியின் சட்டம் என்று போல்ட் போட்டு இறுக்கினாய். ஒவ்வொரு துளையின் பிசிறையும் அரத்தால் ராவி, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகுதான் சீலன்ட். இரண்டு நாள் இழுக்கிறானே என்று நான் முணுமுணுத்தது உன் காதில் விழுந்திருக்கும். ஐப்பசி மழை முழுக்க ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மன்னித்துக்கொள்.

துணி ஓரத்தில் பாய் நைலான் கயிறு வைத்துத் தைத்தார். அந்த ஓரத்தைச் சேனலில் நுழைத்து இழுத்தால் போதும். கயிற்றில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகிறது. இப்போது என் மனைவி முக்காலியில் ஏறி நின்று தனியாளாகவே கோத்துவிடுகிறார்.

ஏணி தந்த எதிர்வீட்டு மாமாவுக்கும் நன்றி. ஏணி வந்து சேர்ந்ததா?

கடைசியாக, அணைப் பக்கத்து டீக்கடை அக்காவுக்கு. பறந்த துணி உங்கள் அடுப்பு மேலேதான் வந்து விழுந்தது. திட்டாமல் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தீர்கள். மறுமுறை வந்தபோது, ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை தட்டி என் முளைகளெல்லாம் வளைந்தன. நீங்கள் 20 லிட்டர் தண்ணி கேன் இரண்டைத் தூக்கி வந்து, கம்பத்துக்கு ஒன்றாகக் கட்டச் சொன்னீர்கள். "காத்து கூடுச்சின்னா கேனை நம்பாதீங்கண்ணா, சுருட்டிடுங்க" என்று எச்சரிக்கையும் செய்தீர்கள். அன்று சாயங்காலமே சுருட்ட வேண்டி வந்தது.

அவசரத்தில் கிளம்பியதில் உங்கள் கேன் இரண்டும் எங்களோடு வந்துவிட்டன. டெபாசிட்கூட நீங்கள் வாங்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறோம், அக்கா.