ஸ்பானிஷ் ராயல் அகாடமிக்கு: வரி வெட்டறது வேற, அசை பிரிக்கறது வேற

மாட்ரிட்ல இருக்கற அகாடமி பெரியவங்களுக்கு வணக்கம்.

1713லேர்ந்து இந்த மொழிக்கு காவல் இருக்கீங்க. கூட்டுச் சொல்லுக்கு நீங்க வெச்சிருக்கற டில்டே (அழுத்தம் விழற உயிரெழுத்து மேல போடற சின்னக் கோடு) ரூல்ல எனக்கு ஒரு குறையும் இல்ல, சொல்லப்போனா ரொம்ப பிடிச்ச ரூல் அதுதான். ரெண்டு சொல்லு ஒட்டி ஒண்ணாயிடுச்சுன்னா பழசெல்லாம் மறந்துட்டு புதுச் சொல்லோட அழுத்தத்த மட்டும் பாக்கணும், அவ்ளோதான். பலோன் (பந்து) தனியா நின்னா ஓ மேல டில்டே உண்டு, பலோன்செஸ்தோ (பாஸ்கெட்பால்தான்) ஆனா அழுத்தம் செஸ்ஸுக்கு போயிடறதால டில்டே காலி. சியென் (நூறு), பியெஸ் (கால்கள்) ரெண்டுலயும் டில்டே கிடையாது, ஆனா பூரானுக்கு சியெம்பியெஸ்னு சேத்து எழுதினா கடைசி அசைல வந்து உக்காந்துக்குது. தீயோ தனியா ரெண்டு அசை, குடை ராட்டினத்துக்கு தியோவீவோன்னு சொல்லும்போது அந்த ரெண்டும் ஒண்ணா சுருங்கி தியோ-வீ-வோ, மொத்தமே மூணு அசைதான். ஃபாசிலோட மென்தே சேந்து வர்ற ஃபாசில்மென்தே (சுலபமா) மாதிரி சொல்லுங்களுக்கு மட்டும் பழைய டில்டே அப்படியே நிக்குது, அதுவும் நியாயம்தான், அங்க நிஜமாவே ரெண்டு இடத்துல அழுத்தம் விழுது.

இவ்ளோ கரெக்டா காதுக்கு மரியாதை குடுத்துட்டு வரிக்கடைசில இடம் பத்தாம சொல்ல ஹைஃபன் போட்டு வெட்டற ரூலுக்கு வந்ததும் ஏன் இப்படி? பியென், எஸ்தார் ரெண்டும் ஒட்டி வந்த பியெனெஸ்தார்ங்கற (நலம்) சொல்ல பியெ-னெஸ்தார்னும் வெட்டலாம், பியென்-எஸ்தார்னும் வெட்டலாம்னு அனுமதி குடுத்திருக்கீங்க. நொசோத்ரோஸும் (நாங்க) அப்படித்தான், நொஸ்-ஓத்ரோஸ்னு வெட்டினாலும் தப்பில்லையாம். ஆனா வாயில வர்ற அசை பியெ-னெஸ்-தார், நொ-சோ-த்ரோஸ். மெய் மேல உயிர் ஏறிக்கும்னு புணர்ச்சி படிச்ச எங்களுக்கு இது சட்டுனு புரியுது, ஆனா புதுசா கத்துக்கறவங்க அந்த ஹைஃபன பாத்துட்டு அதுதான் அசைன்னு நெனச்சு நடுவுல நிறுத்தி நிறுத்தி படிக்கறாங்க, எங்க அழுத்தம்னு கேட்டா முழிக்கறாங்க, பாவம்.

இப்ப யாருங்க கையால வரி வெட்டறாங்க, எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்குது. அதனால அந்த ரெண்டாவது அனுமதிய எடுத்துடுங்க. எடுக்க மனசு வரலன்னா அந்த ரூலுக்கு பக்கத்துலயே, இது எழுத்துக்கான வெட்டு மட்டும்தான், அசை இல்லன்னு ஒரு வரி, ரெண்டு சொல்லையும் உதாரணமா வெச்சு, கொட்டை எழுத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஸ்பானிஷ் சொல்லிக்குடுக்கற ஒருத்தி