சித்திரையில் வரும் பசி: எங்கள் சேகரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சங்கைக்குரிய ஆயர் அவர்களுக்கும், சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவின் செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், வாலிபர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நான் நம் ஆலயத்தில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, இங்கேயே மணமுடித்து, அரசு மருத்துவமனை ஒன்றில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். சேகரக் குழுவில் ஒருபோதும் இருந்ததில்லை. பெண்கள் சங்கத்தில் இரண்டு முறை பொருளாளராக இருந்திருக்கிறேன். ஆகவே, இந்த மடலில் நான் சொல்லும் குறைகளில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இதை உறையிலிட்டு ஆலய அலுவலகத்தில் கொடுத்திருக்கலாம். ஆனால், திருவொற்றியூர் முதல் ராயபுரம் வரை, கொருக்குப்பேட்டை முதல் வியாசர்பாடி வரை, நான் அறிந்த சபைகள் பலவும் ஏறக்குறைய நம்மைப் போலவே தருமம் செய்கின்றன என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கடந்த டிசம்பர் மூன்றாம் வாரம் நம் ஆலய வளாகத்தில் நடந்த நலத்திட்ட உதவி வழங்கும் விழாவில் நானும் நின்றேன். டோக்கன் பெற்றவர்கள் வரிசையில் காத்திருக்க, மேடையில் இருந்தவர்கள் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு பை அரிசி, கொஞ்சம் மளிகை, ஒரு போர்வை. எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்க்கும் அம்மாவுக்கு அந்த ஒரே மாதத்தில் கிடைத்த மூன்றாவது போர்வை அது. முதலாவதை ஓர் அரசியல் கட்சியும் இரண்டாவதை வேறொரு சங்கமும் கொடுத்திருந்தன. மூன்றையும் மடித்து அவர் தேய்ப்பு வண்டியின் மேல் விரித்திருக்கிறார். சென்னையின் மார்கழிக்கு ஒரு போர்வையே அதிகம் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நாம் கொடுப்பது போதவில்லை என்பது என் முறையீடு அன்று. நாம் கொடுக்கும் காலமும் நம் அண்டை வீட்டாருக்குத் தேவை வரும் காலமும் ஒன்றாக இல்லை. நம் தருமம் சபையின் நாட்காட்டியைப் பார்த்து நடக்கிறது. பண்டிகை வந்தால் வருகிறது, பண்டிகையோடு போய்விடுகிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கும் மருத்துவமனை வார்டுக்கும் வேறு நாட்காட்டி இருக்கிறது.

காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனப்பெருக்கத்துக்காக, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் 61 நாட்கள் கடலுக்குப் போவதில்லை. சித்திரை முதல் நாளில் பாயசம் வைத்த வீட்டில் மறுநாளே வருமானம் நின்றுவிடுகிறது. தடைக்காலத்துக்கென அரசு கொடுக்கும் நிவாரணம் முன்பு 5,000 ரூபாயாக இருந்து இப்போது 8,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது பதிவு பெற்ற மீனவக் குடும்பத்துக்கு உரியது. துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்கள் எல்லோரும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்களா என்று விடியற்காலை மூன்று மணிக்கு ஏலம் நடக்கும் இடத்தில் போய் நின்றால் தெரியும். ஐஸ் உடைத்து ஏற்றுபவர், கூடை தூக்குபவர், மீன் வெட்டிக் கொடுத்துக் கிலோவுக்கு இத்தனை என்று வாங்கும் பெண்கள், மீன்பாடி வண்டி ஓட்டுபவர், அவர்களுக்கெல்லாம் டீயும் இட்லியும் விற்பவர் என்று ஒருவரைச் சார்ந்து ஒருவராக ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. படகு நின்றால் அவர்கள் அத்தனை பேருக்கும் வேலை நிற்கிறது. நிவாரணம் மட்டும் அவர்களில் பலருக்கு எட்டுவதில்லை.

தெருத்தெருவாகக் கூடையில் மீன் விற்கும் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. தடைக்காலத்தில் கேரளாவிலிருந்து லாரியில் வரும் மீனை அவர்கள் வாங்கி விற்க வேண்டும். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்குகிறது என்பதால் அங்கே மீன் கிடைக்கிறது. ஆனால் விலை அதிகம், ஆகவே கைமுதலும் அதிகம் வேண்டும். அந்தக் கைமுதலுக்குத்தான் காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்பும் கடன். மே மாதம் முழுவதும் வட்டி கட்டி ஓய்ந்து நிமிரும்போது ஜூன் வந்து, பிள்ளையின் பள்ளிச் செலவோ கல்லூரிச் சேர்க்கைக்கான முதல் கட்டணமோ எதிரே நிற்கிறது. காதில் கிடக்கும் கம்மல் அடகுக்குப் போகும் மாதம் அதுதான். அந்த இரண்டு மாதங்களில் நம் ஆலய வளாகத்தில் என்ன நடக்கிறது? விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது; பிள்ளைகளுக்குச் சர்பத் கொடுக்கிறோம். மற்றபடி தரும நிதி என்ற தலைப்பில் ஏப்ரலிலும் மேயிலும் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்பது, பொருளாளர் கடந்த முறை வாசித்த வரவு செலவிலேயே இருந்தது.

மருத்துவமனையின் நாட்காட்டியைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் வாலிபர் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறை, டிசம்பரில், இரத்ததான முகாம் நடத்துகிறது. முகாமுக்கு வரும் தம்பிகள் தங்கமானவர்கள். ஆனால் தானமாகக் கிடைக்கும் இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பதப்படுத்தி வைத்தாலும் ஏறக்குறைய 35 முதல் 42 நாட்கள் வரைதான் வைத்திருக்க முடியும். தட்டணுக்களோ ஐந்து நாட்களே தாங்கும். டிசம்பரில் கொடுத்த இரத்தம் பிப்ரவரியைத் தாண்டுவதில்லை. கல்லூரிகள் மூடிக் கிடக்கும் மே மாதத்தில் முகாம்கள் குறைந்து, இரத்த வங்கியில் கையிருப்பு வற்றும். அந்த நாட்களில் பிரசவ வார்டின் வெளியே, 'டோனர் கூட்டிவாங்க' என்று சொல்லப்பட்ட கணவன்மார்கள் கைப்பேசியில் யார் யாருக்கோ அழைத்துக் கெஞ்சிக்கொண்டிருப்பதை நான் ஆண்டு தவறாமல் பார்த்திருக்கிறேன். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் இரத்தம் கொடுக்கலாம். ஆகவே இதே தம்பி தங்கைகளை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினர் மே மாதத்திலும் இன்னொரு பிரிவினர் டெங்கு பரவும் ஐப்பசி மழைக்காலத்திலும் கொடுக்கும்படி செய்தால், சபைக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. பேனரில் போடுவதற்குப் பெரிய எண்ணிக்கை கிடைக்காது, அவ்வளவுதான்.

இரத்தத்தைவிடவும் அங்கே பற்றாக்குறையாக இருப்பது கூட நிற்கும் ஆள். முதியவர் ஒருவர் தனியாக வருகிறார். சீட்டு வாங்க ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, இரத்தப் பரிசோதனைக்கு வேறொரு கட்டடம், ஸ்கேனுக்கு இன்னொரு தேதி. மருந்து இலவசம், மருத்துவம் இலவசம். ஆனால் இந்தக் கட்டடத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்கு அவரைக் கூட்டிப்போக யாரும் இல்லை என்பதால் பாதியில் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அதற்கு வருமானச் சான்று வேண்டும், குடும்ப அட்டையில் பெயர் சரியாக இருக்க வேண்டும், ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். கோடையில் குடிசை எரிந்து எல்லாத் தாள்களையும் இழந்தவர்களுக்கு நாம் பாத்திரமும் புடவையும் கொடுத்திருக்கிறோம். இ-சேவை மையத்தில் அவர்களோடு அரை நாள் உட்கார்ந்து அட்டைகளை மீட்டுத் தர நம்மில் ஒருவரும் போனதில்லை. நம் சபையில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், துறைமுகத்தில் கணக்கு எழுதியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! விண்ணப்பம் நிரப்புவதற்கு இவர்களைவிடத் தகுதியானவர் யார்?

2023 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, மீனவர்களே படகில் போய்க் கையால் வாரி எடுத்தார்கள். நாமும் அரிசிப் பைகளோடு போனோம், அது சரியான செயல்தான். ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்தது, நாமும் முடித்துக்கொண்டோம். கறுத்துப்போன வலையை ஒன்றும் செய்ய முடியாமல், பிடித்த மீனில் எண்ணெய் வாடை என்று வாங்க ஆளில்லாமல் அவர்கள் தவித்தது அடுத்து வந்த மாதங்களில்தான். ஒரு வலைக்கு நூல் வாங்கித் தந்திருந்தால்கூட நம் பெயரை அவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெயருக்காகச் செய்யக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

நாம் இருக்கும் இந்தப் பகுதிக்கு இதில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையை நம் பாட்டிமார்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்; இன்றும் ஆட்டோக்காரர்களில் வயதானவர்களுக்கு அந்தப் பெயர் புரியும். 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்த பெயர் அது. பசி வந்த அன்று கஞ்சி காய்ச்சினார்கள். வந்தவர் யார், என்ன சாதி, என்ன மதம் என்று பதிவேடு வைத்துக் காத்திருந்தால் ஆட்கள் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அதன் பின் 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மெட்டில்டா மேக்பைல் என்ற பெண் மருத்துவரின் பணியிலிருந்து வளர்ந்ததுதான் ராயபுரத்தின் ரெய்னி மருத்துவமனை. ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கிய பெண்களுக்கு வாரம் முழுவதும் ஒரு பெண் மருத்துவர் கிடைத்தார் என்பதே அதன் தொடக்கம்.

டோக்கனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் பல முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது நாள்தோறும் உதவி பகிர்வதில், விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்ததும், திருச்சபை அந்த முறுமுறுப்பை அடக்காமல், அந்த வேலைக்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது. அங்கே நடந்தது அன்றாட விசாரணை என்பதையும், விடுபட்டவர்கள் உள்வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் என்பதையும் நான் கவனித்ததே சமீபத்தில்தான். நம் டோக்கன்கள் குழு உறுப்பினர்களின் கை வழியாகப் போகின்றன. ஆகவே உறுப்பினர்களுக்குத் தெரிந்தவர்களையே சேர்கின்றன. சில ஆண்டுகளில், ஜெபக்கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கே டோக்கன் என்றும் நடந்திருக்கிறது. பசியோடு வந்தவரைப் பாட்டு முடியும்வரை உட்கார வைப்பது சுவிசேஷம் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். இதில் என்னோடு உடன்படாதவர்கள் குழுவில் இருப்பதையும் அறிவேன். புகைப்படத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. போன முறை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்ட ஒரு பெண்ணிடம், "முகத்தைக் காட்டுங்கம்மா" என்று ஒருவர் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டு பேசாமல்தான் நின்றேன்.

கிறிஸ்துமஸ் காலத்தில்தான் சபையார் மனம் இளகிக் கொடுக்கிறார்கள், மற்ற மாதங்களில் கேட்டால் வராது என்று பொருளாளர் சொல்லக்கூடும். உண்மைதான், விளைபொருட்களைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுக்கும் அதே அண்ணன், மே மாதத்தில் காணிக்கை உறையைக் காலியாகவே போடுவார். ஆகவே டிசம்பரில் வாங்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. வாங்குவதை டிசம்பரிலேயே கொடுத்துத் தீர்க்க வேண்டாம் என்கிறேன். போர்வைக்கு ஒதுக்கும் தொகை முழுவதையும் ஏலத் தொகையில் ஒரு பங்கையும் தனிக் கணக்கில் வைத்து, ஏப்ரல் 15 அன்று திறக்கலாம். அதிலிருந்து மீன் விற்கும் பெண்களுக்கு வட்டியில்லாக் கைமுதலாகச் சிறு தொகைகள் கொடுக்கலாம். திரும்பி வருவது ஜூனில் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகட்டும். திரும்பி வராததும் இருக்கும். அதை இழப்பு என்று எழுதாமல் தருமம் என்று எழுத நம் பொருளாளருக்குத் தெரியும்.

பெண்கள் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. நம் தாய்மார்கள் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்ற அந்தப் பழக்கம் இப்போது ஓர் உறையாகிச் சுருங்கிவிட்டது. அதைத் தை மாதத்தில் மீண்டும் தொடங்கினால் சித்திரைக்குள் மூன்று மாத அரிசி சேரும். எங்கள் வீட்டில் பானை எடுத்து வைத்தாயிற்று.

பிப்ரவரி சேகரக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒத்திவைத்தால் ஏப்ரல் கடந்துவிடும். முடிவு எதுவானாலும், வரும் செவ்வாய் முதல் வாரத்தில் மூன்று நாட்கள், காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை, நான் பணிபுரிந்த மருத்துவமனையின் புறநோயாளிகள் சீட்டு கொடுக்கும் இடத்தருகே தனியாக வருபவர்களுக்குத் துணை நிற்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு முழங்கால் வலி இருப்பதால் மாடிக் கட்டடங்களுக்கு ஏறி இறங்க இளையவர்கள் இரண்டு பேர் வேண்டும். வாலிபர் சங்கத்திலிருந்து யாராவது வந்தால், ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவின் பக்கத்து வாசலில் என்னைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர்,
தண்டையார்ப்பேட்டை