குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வேளச்சேரியிலுள்ள நம் நகரில் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது. சுதந்திர தினம், குடியரசு தினம், பொங்கல் கோலப்போட்டி, கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. இரண்டாவது தெருவில் கழிவுநீர் அடைப்பு மூன்று முறை நீக்கப்பட்டது. எரியாத தெருவிளக்குகளுக்காக மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணில் பதிந்த புகார்களில் பெரும்பாலானவை தீர்ந்தன.

அக்டோபர் மழையிலும் நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலிலும் நம் தெருக் கார்களும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏறி நின்றன. 2015-ஐப் போலவோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் போலவோ தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை. மழைக்கு முன்பே நம் தெருக்களில் கதவு பெயர்ந்து கிடந்த மூன்று பில்லர் பாக்ஸ்களை (தெருவோர மின் இணைப்புப் பெட்டிகளை) படமெடுத்து மனுக் கொடுத்தோம். செப்டம்பரில் மூன்றுக்கும் கதவு போட்டார்கள். முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் நடந்து போகும் தெரு இது. இந்த ஒரு வேலைக்காகவே ஆண்டு முழுதும் சங்கம் நடத்தியிருந்தாலும் தகும் என்று நினைக்கிறேன்.

இனி பூங்கா நிலம் பற்றி. ‘செயலாளர் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டை ஓட்டிவிட்டார்’ என்று சில உறுப்பினர்கள் பேசியது என் காதுக்கும் வந்தது. ஆகவே நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது தெருக் கோடியில் இருக்கும் நான்கு கிரவுண்டு காலி இடம் எல்லோருக்கும் தெரியும். மணலும் ஜல்லியும் சென்ட்ரிங் பலகையும் போட்டு வைக்கத்தான் அது இத்தனை காலம் பயன்பட்டது. 2024 ஏப்ரல் கடைசியில் ஒருநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது அங்கே அஸ்திவாரம் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. விசாரித்தால், இடத்துக்கு விலை பேசி அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். அது பூங்காவுக்கு விட்ட இடம் என்று நாம் அத்தனை பேரும் வாயால் சொன்னோம். காட்டுவதற்குக் கையில் காகிதம் ஒருவரிடமும் இல்லை.

மே மாதம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். 1983-இல் 38 மனைகளாகப் பிரித்த நகர் இது; இன்று அடுக்ககங்களாகி 142 வீடுகள். முதலில் மனை வாங்கியவர்களில் இங்கேயே இருப்பது ஐந்து குடும்பங்கள்தான். இரண்டாவது தெருவில் காலமான நம் மூத்த உறுப்பினரின் துணைவியார், அவர் இரும்புப் பெட்டியில் பத்திரப்படுத்திய கிரயப் பத்திரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதற்குள் நான்காக மடித்த லேஅவுட் வரைபடம் இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்திருந்தாலும் மூன்றாவது தெருக் கோடியில் ‘பூங்கா’ என்ற எழுத்தும், மூலையில் ஒப்புதல் எண்ணும் அழியாமல் இருந்தன. அந்த அம்மாவுக்கு இந்தச் சபையின் முதல் நன்றி உரியது.

எண் கிடைத்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைக் கேட்டேன். சட்டம் சொல்லும் 30 நாளுக்குள் நகல் வந்தது. அடுத்து வில்லங்கச் சான்று. அதில் மனை போட்டவர் அந்த நான்கு கிரவுண்டையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிப் பதிவு செய்திருந்தது தெரிந்தது. சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு விட வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் பெரிய மனைப்பிரிவுகளுக்கு உண்டு. அப்படித் தானமாகக் கொடுத்த இடத்தை எழுதிக் கொடுத்தவரின் வாரிசே வந்தாலும் விற்க முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதையும் மனுவில் எடுத்துக் காட்டினோம்.

மனுவோடு வேலை முடியவில்லை. நில அளவைக்கு நாள் வாங்கினோம். இரண்டு முறை தள்ளிப்போய் மூன்றாவது முறை அளந்தார்கள். பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டு, வார்டுப் பணிகளின் பட்டியலில் இதைச் சேர்க்கச் செய்தோம். பகுதி சபையும் வார்டு குழுவும் 2022-இல்தான் நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தன. வீட்டு வாசல் பிரச்சினையைச் சொல்லிப் பதிவேட்டில் ஏற்ற நமக்குக் கிடைத்த இடம் அது. அன்று நம் நகரிலிருந்து போனவர்கள் தலைவர், நான், முதல் தெருவிலிருந்து ஓர் அம்மையார், ஆக மூன்று பேர். 2025 பிப்ரவரியில் எல்லைக்கல் நட்டு, கம்பிவேலி போட்டு, ‘பூங்கா இடம்’ என்று பலகை வைத்தார்கள். மொத்தம் பத்து மாதம். என் கணக்கில் அலுவலகங்களுக்கு 31 நடை. ஆட்டோ செலவைச் சங்கக் கணக்கில் எழுதவில்லை.

இதே ஆண்டில்தான் மெயின் ரோட்டில் மூடிக் கிடந்த கடையில் மதுக்கடை வரப்போவதாகச் செய்தி வந்தது. ‘இத்தனை வீடுகள் இருக்கின்றன, எப்படி விடுவார்கள்?’ என்று பலர் கேட்டீர்கள். விதி வீடுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. 2003-ஆம் ஆண்டு மதுபானச் சில்லறை விற்பனை விதிகள் வழிபாட்டுத் தலத்தையும் கல்வி நிலையத்தையும்தான் பார்க்கின்றன. அவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தூரத்துக்குள் கடை கூடாது. தொடக்கப் பள்ளியின் நுழைவாயிலிலிருந்து நடந்துபோகும் வழியில் நானும் பொருளாளரும் டேப் பிடித்து அளந்தோம். 43 மீட்டர் வந்தது.

ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது. நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறித்த இடங்களுக்கு அந்தத் தூரக் கணக்கு பொருந்தாது. ஆகவே நில உபயோக வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தோம். அந்தச் சர்வே எண் கலப்புக் குடியிருப்பில் இருந்ததால் நம் மனு நின்றது, கடை வரவில்லை. அது வணிகப் பகுதியாக மாறியிருந்தால் பள்ளிக்கு 43 மீட்டர் என்பதை வைத்து நாம் ஒன்றும் செய்திருக்க முடியாது. நில உபயோகம், உரிமம், தெருவின் பாதுகாப்பு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று நான் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த மனுவுக்கு வாட்ஸ்அப்பில் ஆதரவு தெரிவித்தவர்கள் 96 பேர். வீட்டுக்கு வந்து கேட்டபோது கையெழுத்துப் போட்டவர்கள் 71. விசாரணை நாளன்று வந்தவர்கள் 7 பேர். வேலை நாள், லீவு கிடைக்காது என்பதை ஏற்கிறேன். ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் நம் நகரில் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர் வந்து நின்றிருந்தால் எனக்குப் பெரிய தெம்பாக இருந்திருக்கும்.

கல்யாண மண்டபத்தின் ஜெனரேட்டர், பாட்டுக் கச்சேரி, தெருவை அடைக்கும் வண்டிகள் பற்றிய புகார்களுக்கு உரிமையாளரோடு இரண்டு முறை உட்கார்ந்து பேசினோம். இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பதும், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பதும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருப்பதைக் காட்டினோம். பாட்டு பத்து மணிக்கு நின்றுவிடுகிறது. வண்டிகள் இன்னும் நிற்கின்றன. ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் ஆம்புலன்ஸ் முதல் தெருமுனையில் எட்டு நிமிடம் நின்றதை நான் மறக்கவில்லை. இதை அடுத்த ஆண்டும் தொடர வேண்டும்.

கண்காணிப்புக் கேமராக்கள் 16-இல் 11 வேலை செய்கின்றன. மற்றவற்றைப் பழுது பார்க்கப் பணம் இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று மூன்று சுற்றறிக்கை விட்டோம், இருவர்தான் செய்தார்கள். சில உறுப்பினர்கள் தாங்களாகவே சிமென்ட் கொட்டிப் போட்ட இரண்டு வேகத்தடைகளை எடுக்கச் சொன்னேன். இரவில் ஒரு முதியவர் வண்டியோடு விழுந்த பிறகு சொன்னது அது. என்மேல் வருத்தம் இருந்தால் நேரில் பேசலாம்.

சந்தா மாதம் 100 ரூபாய். ஐந்து ஆண்டுகளாக ஏற்றவில்லை. 142 வீடுகளில் உறுப்பினர்கள் 118. ஆண்டு முழுதும் கட்டியவர்கள் 64. மூன்று ஆண்டுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் 22 பேர். பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தாரை அப்படி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கும் உரிமையாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். பூங்கா மீண்டதால் உயரும் மதிப்பு உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான். குடியிருப்பவரைக் கேளுங்கள் என்கிறீர்கள். அவரைக் கேட்டால் ஓனரைக் கேளுங்கள் என்கிறார். இரண்டு படியும் ஏறி வெறுங்கையோடு இறங்குவது நம் பொருளாளர். அவருக்கு வயது 71.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் சில நன்கொடைகளும் வரவாகவும், காவலாளி சம்பளம், கேமரா பராமரிப்பு, நகல் எடுத்த செலவு, விழாச் செலவு ஆகியவை செலவாகவும் அமைந்தன. ஆண்டு முடிவில் சிறு தொகை கையிருப்பு உள்ளது. தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டியவை அனுப்பப்பட்டுவிட்டன.

ஆலோசனை சொல்லி வழிநடத்திய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மனுக்களை ஏற்று நடவடிக்கை எடுத்த அலுவலர்களுக்கும், ஒவ்வொரு விடியலிலும் நம் தெருக்களைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி மனம் திறந்து சொல்கிறேன். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஓடு முடிகிறது. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. நம் மெயின் ரோட்டுக்கும் உள்தெருக்களுக்கும் அதில் என்ன நிறம் பூசப்படுகிறது, அதாவது எந்த நில உபயோகம் குறிக்கப்படுகிறது என்பது இருபது ஆண்டுக்கான தீர்ப்பு. வரைவு வெளிவரும்போது சர்வே எண் சர்வே எண்ணாகப் பார்த்து, குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஒருவர் செய்யும் வேலை இல்லை. பூங்காவும் இப்போது வேலிதான். மரமும் நடைபாதையும் விளக்கும் வர வேண்டும். வேலிக்குள் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் ஜல்லி மறுபடி வந்துவிடும்.

இந்தக் குழுவின் மூன்றாண்டு காலம் வரும் ஆண்டோடு முடிகிறது. கண் அறுவைக்குப் பிறகு பழைய பத்திரங்களைப் படிப்பது எனக்குச் சிரமமாக இருக்கிறது. வரைபடம், தானப்பத்திர நகல், அளவை ஆவணம், மனுக்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக நான்கு கோப்புகளில் அடுக்கி வைத்திருக்கிறேன். என்னோடு உட்கார்ந்து அவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள இரண்டு பேர் வேண்டும். நாற்பது வயதுக்குக் கீழே இருந்தால் மகிழ்ச்சி. ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.

இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தாப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.

செயலாளர்