கோழியின் இறக்கையை மேலே தூக்குவது எது?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. மாமாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி, அவருக்கு வழக்கம்போல் காட்பாடிக்கும் வீட்டுக்கும் அலைச்சல். புரட்டாசி பிறந்தும் குடியாத்தத்தில் வெயில் இறங்கவில்லை. நலம் விசாரிப்பு இவ்வளவு போதும். போன வாரம் வகுப்பில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிளஸ் ஒன்னுக்குப் பறவைகள் நடத்திக்கொண்டிருந்தேன். 'காற்று நிரம்பிய எலும்புகள், இறகுகள், வலுவான மார்புத் தசைகள்' என்று பிள்ளைகள் கடகடவென ஒப்பிக்கிறார்கள். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நாம் தவளை அறுத்துப் படித்தவர்கள். அதையெல்லாம் கல்லூரிகளிலேயே 2014ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்திவிட்டது. நிறுத்தியது சரிதான், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அறுத்த கோழி கடை கடையாகத் தொங்குகிறதே, அதைப் பார்த்துப் படிக்க என்ன தடை? புரட்டாசியில் கறிக்கடையில் கூட்டமில்லை. உரித்த முழுக்கோழி ஒன்றை வாங்கிக்கொண்டு லேபுக்குப் போனேன்.

என் வகுப்பில் இர்ஃபான் என்று ஒரு பையன், கடைசி பெஞ்ச். அவன் அப்பாவின் கடைதான் அது. நான் கத்தியை எடுப்பதற்குள் அவன் வாங்கிக்கொண்டான். மார்பெலும்பின் நடு விளிம்பை ஒட்டிக் கீறி, பெரிய நெஞ்சுக்கறியைச் சேதமில்லாமல் விலக்கினான். அடியில் விரல் நீளத்துக்கு இன்னொரு சதை தனியாக இருந்தது. "இதுக்கு என்ன வேலை, தெரியுமா?" என்றேன். "தெரியாது மிஸ், இது தனியா கழண்டு வரும், பிள்ளைங்களுக்குக் கேட்டு வாங்குவாங்க" என்றான்.

அந்தச் சதையிலிருந்து போகிற வெள்ளைத் தசைநாணைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். இழுத்தான். இறக்கை மேலே எழுந்தது. வகுப்பே ஒரு நிமிஷம் பேசவில்லை வசந்தி. பிறகு ஒவ்வொருவரும் இழுத்துப் பார்க்க வரிசையில் நின்றார்கள். விரதம் இருக்கிற பிள்ளைகள் மட்டும் தள்ளி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

யோசித்துப் பார். இறக்கையைக் கீழே அடிக்கிற தசையும் நெஞ்சில், மேலே தூக்குகிற தசையும் அதே நெஞ்சில். மேலே தூக்க வேண்டியது கீழே உட்கார்ந்துகொண்டு எப்படித் தூக்கும்? தோளில் மூன்று எலும்புகள் கூடுகிற இடத்தில் ஓர் ஓட்டை. தசைநாண் அதன் வழியே ஏறி, வளைந்து, கை எலும்பின் மேல்பக்கத்தில் ஒட்டுகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வருகிற கதைதான். கனமான தசை இரண்டும் இறக்கைக்குக் கீழே தங்கிவிடுவதால் பறவைக்குப் பாரம் அடியில் நிற்கிறது. தூக்குவது மட்டுமல்ல, கை எலும்பை அச்சில் திருப்புவதுதான் அந்த அடிச்சதையின் முக்கிய வேலை என்று 1997ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. மண்டையோட்டு சார் இதையெல்லாம் நமக்குக் கரும்பலகையில் நாலு கோடு போட்டு முடித்துவிட்டார்!

பின்பு இர்ஃபான் கேட்டான்: "அப்போ வௌவால் எதை வச்சுத் தூக்குது மிஸ்?" முதுகிலும் தோளிலும் உள்ள தசைகளால் என்றேன். வௌவாலுக்கு இந்த ஓட்டை கிடையாது. பறக்கிற ஒரே வேலைக்கு இரண்டு விலங்குகள் இரண்டு வழி கண்டிருக்கின்றன. பரிணாமத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் படத்தில் காட்டுவாய்?

அன்றிலிருந்து எனக்கு ராத்திரியெல்லாம் இதே யோசனை. 1936லேயே புறாக்களுக்கு இந்தத் தசைநாணை வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். பறந்தனவாம், ஆனால் சமதரையிலிருந்து எழும்ப முடியவில்லை. கொடூரமான சோதனைதான். ஆனால் ஆதிப்பறவை ஆர்க்கியாப்டெரிக்ஸை நினைத்துக்கொள். பதினைந்து கோடி வருஷத்துக்கு முந்தையது, இறகு இருக்கிறது, ஆனால் இந்த ராட்டின ஏற்பாடு அதனிடம் உருவாகவில்லை. அப்படியானால் அது எப்படி எழும்பியது? கென்னத் டயல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003ல் கவுதாரி இனத்தில் ஒன்றான சுக்கர் (chukar) பறவையின் குஞ்சுகளைப் பற்றி எழுதினார். பறக்கத் தெரியாத குஞ்சுகள்கூடச் செங்குத்துச் சரிவில் இறக்கையை அடித்துக்கொண்டே ஓடி ஏறுகின்றன. அந்த அடி, உடம்பைச் சரிவோடு அழுத்தி, காலுக்குப் பிடிப்புத் தருகிறது. பறத்தல் இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்பது அவர் வாதம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கிறது. ஆனால் ஆதிப்பறவைகளின் தோள் அமைப்பில் கையை முதுகுக்கு மேலே தூக்கவே முடியாது என்று மறுப்பவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நீ எந்தப் பக்கம்? விவரமாக எழுது, "ரெண்டும் சரிதான்டி" என்று நழுவாதே.

சரி, புகாரும் கேள். ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "புரட்டாசியில் லேபுக்குள்ளே கோழியா?" என்று பெரிய சண்டை போட்டார். தலைமையாசிரியர் வரை போயிருக்கிறது. பதில் சொல்லிக்கொள்கிறேன். அடுத்து நாட்டுக்கோழிக்காலும் நெஞ்சும், ஒரு புறாவும் என்று யோசித்திருக்கிறேன். கோழியின் நெஞ்சு வெள்ளை, புறாவுடையது கருஞ்சிவப்பு. ஒன்று ஒரு விநாடி வீட்டுக்கூரைக்கு எழும்ப, இன்னொன்று மணிக்கணக்கில் பறக்க. அதை அவர்கள் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். இர்ஃபானை பிளஸ் டூவோடு கடையில் உட்காரவைப்பதாக அவன் அப்பா சொல்கிறார். நல்ல மனுஷர், கஷ்டமும் தெரிகிறது. ஆனால் அந்தப் பையனின் கை, நாம் படித்த வகுப்பில் யாருக்கும் இருந்ததில்லை, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் விலங்கியல் சேர என்ன செலவு, ஹாஸ்டல் எப்படி, உதவித்தொகை உண்டா என்று விசாரித்து எழுது. உனக்கு அங்கே ஆள் தெரியும். நீ நேரில் வந்து அவன் அப்பாவிடம் பேசினால் இன்னும் நல்லது. நான் சொன்னால் டீச்சர் பேச்சு என்று நினைப்பார்.

வரும்போது உன் துறை மியூசியத்திலிருந்து அந்த வௌவால் எலும்புக்கூட்டை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வா. கையெழுத்து போட்டு நானே திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
தேன்மொழி